ஈமாக்ஸில் இமோஜி பெட்டியாகத் தெரிகிறது, தமிழ் உடைகிறது: ஃபான்ட் போட்டும் தீரவில்லை

2024 பிப்ரவரி 3, கேள்வி

"வாட்ஸ்அப்பிலும் பிடிஎஃப்பிலும் வரும் கட்டுரைகளை ஈமாக்ஸ் எடிட்டரில் ஒட்டித் திருத்துகிறேன். உபுண்டு 20.04. கட்டைவிரல் இமோஜி வந்தால் வெறும் பெட்டி. சில சிரிப்பு முகங்கள் கறுப்பு வெள்ளையில் வருகின்றன. குடும்ப இமோஜி பெட்டி பெட்டியாக உடைகிறது. சில தமிழ் எழுத்துகளில் புள்ளி வட்டம் ஒட்டிக்கொள்கிறது. நோட்டோ கலர் இமோஜி, நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் எல்லாம் போட்டாயிற்று. பிரௌசரில் இமோஜி ஒழுங்காக வருகிறது. ஆகவே கோளாறு எடிட்டரில்தான், இமோஜி அதற்கு வராது. யாராவது மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 3, இரவு

பாதியை மறுக்கிறேன். நீங்கள் ஒரே கோளாறு என்று எழுதியிருப்பது நான்கு கோளாறு. பெட்டி என்றால் அந்த எழுத்துக்கு எடிட்டரிடம் ஃபான்ட் அகப்படவில்லை. கறுப்பு வெள்ளை என்றால் அகப்பட்டிருக்கிறது, ஆனால் வேறொரு ஃபான்ட். உடைந்த குடும்பம் என்றால் குறிகளைச் சேர்த்துக் கட்டும் வேலை நடக்கவில்லை. புள்ளி வட்டம் பெரும்பாலும் உரையிலேயே உள்ள பிழை. இந்த நான்கிற்கும் இன்னும் ஒரு ஃபான்ட் போடுவதுதான் மருந்து என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

முதலில் ஒன்று செய்யுங்கள். கட்டைவிரல் பெட்டியின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அடியுங்கள். கீழே ஒரு சன்னல் திறக்கும். 'கேரக்டர்' என்ற வரியில் அந்த எழுத்தின் யூனிகோட் எண் இருக்கும், கட்டைவிரல் என்றால் 128077. இன்னும் கொஞ்சம் கீழே 'டிஸ்ப்ளே' என்று ஒரு வரி. எந்த ஃபான்ட்டைக் கொண்டு, எந்த முறையில் வரைகிறேன் என்று ஈமாக்ஸே அங்கே சொல்லும், ஃபான்ட் இல்லையென்றால் இல்லை என்றும் சொல்லும். அந்த வரியை இங்கே போடுங்கள். கட்டைவிரலுக்கு ஒன்று, சிரிப்பு முகத்துக்கு ஒன்று, சாதாரண 'த'வுக்கு ஒன்று. அது இல்லாமல் பேசினால் இருட்டில் தேடுவதுதான்.

பிப்ரவரி 4, காலை

பிரௌசரில் வருகிறதே என்பது நல்ல கேள்வி. பிரௌசர் தன் வரையும் இயந்திரத்தைத் தானே சுமந்துகொண்டு வருகிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் மாற்று ஃபான்ட் தேடும் தர்க்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபான்ட் கணினியில் இருக்கிறது என்பதை மட்டும்தான் பிரௌசர் நிரூபிக்கிறது. எடிட்டர் அதை எடுக்கிறதா, எடுத்தால் வண்ணத்தில் வரையத் தெரியுமா என்பது தனி.

வண்ணம் என்பதும் ஒரே சங்கதி இல்லை. கூகுளின் நோட்டோ கலர் இமோஜி பல ஆண்டுகள் எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னப் படங்களைத் தாங்கிய ஃபான்ட்டாகத்தான் வந்தது, ஆப்பிள் வேறு முறையில் படங்களை வைத்தது, மைக்ரோசாஃப்ட் அடுக்கடுக்காக நிறம் பூசிய கோட்டுருவங்களை வைத்தது. எடிட்டருக்காக வரையும் நூலகத்துக்கு, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் தொகுப்புக்கு, அந்தந்த முறை தெரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 4, மதியம்

வரிகளைப் பார்த்தேன். 'த'வுக்கு எண் 2980, ஃபான்ட் நோட்டோ சான்ஸ் தமிழ், அதன் முன்னால் எக்ஸ்எஃப்டி. சிரிப்பு முகம் 128512, அதற்கு தேஜாவு சான்ஸ், அதன் முன்னாலும் எக்ஸ்எஃப்டி. கட்டைவிரலுக்கு ஃபான்ட் இல்லை.

போதும், விஷயம் தெரிந்துவிட்டது. உபுண்டு 20.04 தரும் ஈமாக்ஸ் 26.3. அது எக்ஸ்எஃப்டி என்ற பழைய நூலகம் வழியாக வரைகிறது. உங்களிடம் உள்ள எக்ஸ்எஃப்டிக்கு வண்ண ஃபான்ட் தெரியாது, தெரியாதது மட்டுமல்ல, வண்ண ஃபான்ட்டைத் தொட்டால் ஈமாக்ஸே நொறுங்கி விழுந்த காலம் உண்டு. அதனால் வண்ண ஃபான்ட்டை ஏறெடுத்தும் பார்க்காதே என்று ஈமாக்ஸ் அமைப்பில் ஒரு மாறியையே சேர்த்து வைத்தார்கள். நீங்கள் நோட்டோ கலர் இமோஜியை எத்தனை முறை போட்டாலும் இந்த எடிட்டர் அதைத் தாண்டித்தான் போகும். சிரிப்பு முகங்கள் மட்டும் ஏன் வருகின்றன என்றால் தேஜாவு சான்ஸில் அவை கறுப்பு வெள்ளையாக இருக்கின்றன, கட்டைவிரல் இல்லை.

பிப்ரவரி 6

ஈமாக்ஸ் 27-க்கு மாறினால் போதுமா என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். 2020 ஆகஸ்டில் வந்த 27.1-இல் இரண்டு பெரிய மாற்றம்: எழுத்துகளைச் சேர்த்துக் கட்ட ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் வந்தது, வரைவதற்கு கைரோ என்ற நூலகத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம் என்ற நிலை வந்தது. ஆனால் ஈமாக்ஸின் மூல நிரலைத் தொகுக்கும்போது கைரோ சேர்க்கப்பட்டிருந்தால்தான் உண்டு. 'சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஃபீச்சர்ஸ்' என்ற மாறியைப் பாருங்கள், கைரோ, ஹார்ஃப்பஸ் இரண்டு பெயரும் அதில் இருக்க வேண்டும். இருந்தால் அந்த 'டிஸ்ப்ளே' வரியில் எக்ஸ்எஃப்டிக்குப் பதில் எஃப்டிசிஆர் என்று தொடங்கும். ஃப்ரீடைப், கைரோ என்று பொருள்.

என் யோசனை, 27-இல் நிற்காதீர்கள். 2022-இல் வந்த 28.1-இல்தான் இமோஜியைத் தனி எழுத்து வகையாக ஈமாக்ஸ் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் 'சிம்பல்' என்ற பெரிய கூட்டத்தோடு இமோஜியும் கிடந்தது. இணையத்தில் உலவும் பழைய அமைப்பு வரிகளில் பாதி அந்தக் காலத்தவை, அவற்றை 28-இல் ஒட்டினால் ஒன்றும் நடக்காது, நடக்கவில்லையே என்று மறுபடி ஃபான்ட் தேடப் போவார்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கதை. அங்கே வண்ண இமோஜி முன்பே வந்தது, ஈமாக்ஸ் 25-இல் அதை வேண்டுமென்றே நிறுத்தினார்கள், சுதந்திர மென்பொருள் இயங்குதளங்களில் இல்லாத வசதி மேக்கில் மட்டும் இருக்கக் கூடாது என்ற கொள்கைக்காக. 27-இல் கைரோ வழியாக லினக்ஸிலும் வந்த பிறகு மேக்கில் தடை நீங்கியது. நல்ல கொள்கைதான், ஆனால் அந்த இடைக்காலத்தில் எத்தனை பேர் தங்கள் ஃபான்ட்தான் கெட்டுப்போனது என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 7

ஈமாக்ஸ் 29-ஐ மூல நிரலிலிருந்து தொகுப்பதாக இருந்தால், 'கான்ஃபிகர்' ஓடி முடிந்ததும் கடைசியில் ஒரு நீண்ட பட்டியல் வரும், ஈமாக்ஸ் கைரோவைப் பயன்படுத்துகிறதா, ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறதா என்று வரிக்கு ஒரு கேள்வி, ஓரத்தில் ஆம் அல்லது இல்லை. கைரோவுக்கோ ஹார்ஃப்பஸுக்கோ இல்லை என்று இருந்தால் அங்கேயே நிறுத்தி, அவற்றின் 'டெவ்' பொதிகளைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பட்டியலைப் படிக்காமல் 'மேக்' அடித்தால் எல்லாம் தொகுத்து முடிந்த பிறகு அதே பெட்டிதான் தெரியும்.

பிப்ரவரி 10

29 போட்டாயிற்று, கட்டைவிரல் மஞ்சளாக வந்துவிட்டது, இதயம் மட்டும் சில இடத்தில் சிவப்பு, சில இடத்தில் கறுப்பு என்கிறீர்கள். கோளாறே இல்லை. இதயக் குறியின் எண் 10084. அது இமோஜிக்கெல்லாம் முன்பே அச்சு அலங்காரக் குறியாக யூனிகோடில் இருந்தது, அதனால் இயல்பில் அது எழுத்து, படம் இல்லை. படமாகக் காட்டு என்று சொல்ல அதன் பின்னால் 65039 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி வரவேண்டும். எழுத்தாகவே காட்டு என்பதற்கு 65038. கறுப்பாகத் தெரியும் இதயத்தின் மேல் கர்சரை வைத்துப் பாருங்கள், பின்னால் 65039 இருக்காது. எங்கோ ஒட்டும்போது உதிர்ந்திருக்கும், இல்லையென்றால் எழுதியவரின் விசைப்பலகை போடவே இல்லை.

குடும்ப இமோஜி பற்றி. அது ஒரு எழுத்து இல்லை. ஆண் 128104, பெண் 128105, சிறுமி 128103, சிறுவன் 128102, இவற்றுக்கு நடுவே 8205 என்ற ஒட்டுக்குறி மூன்று இடத்தில். ரயில் பெட்டிகளும் நடுவில் கொக்கிகளும் போல. ஹார்ஃப்பஸ் கொக்கியைப் பார்த்து, இந்த வரிசைக்கு ஃபான்ட்டில் ஒரே படம் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் குடும்பம், இல்லையென்றால் நால்வரும் தனித்தனியாக நிற்பார்கள். உங்கள் 26-இல் நால்வருக்கும் ஃபான்ட்டே இல்லாததால் நான்கு பெட்டி. தோல் நிறம் இதில் சேராது, 127995 முதல் 127999 வரை உள்ள ஐந்து குறிகளில் ஒன்று கொக்கி இல்லாமல் நேராக முன்னதோடு ஒட்டிக்கொள்ளும்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னது லினக்ஸுக்கு. விண்டோஸ் ஈமாக்ஸ் 29-இல் ஹார்ஃப்பஸ் இருந்தாலும் வரைவது வேறு வழி, அங்கே விண்டோஸின் சொந்த இமோஜி ஃபான்ட்டான செகோ யூஐ இமோஜி கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். தேசியக் கொடிகள் அங்கே எந்த எடிட்டரிலும் சிக்கல்தான். கொடி என்பது 127462 முதல் 127487 வரையுள்ள எழுத்துக் குறிகளில் இரண்டைச் சேர்த்தது, செகோவில் கொடிப் படங்களே கிடையாது, ஆகவே இந்தியக் கொடி 'ஐ', 'என்' என்ற இரண்டு ஆங்கில எழுத்தாக நிற்கும். கொடிப் படம் உள்ள வேறு ஃபான்ட்டை நிரல் தன்னோடு கொண்டுவந்தால்தான் உண்டு.

பிப்ரவரி 11

இனி தமிழ். எனக்கு உண்மையில் அக்கறை இங்கேதான், இமோஜி போனால் போகட்டும்.

புள்ளி வட்டம் என்பது 9676. உரையில் அது இல்லை, ஹார்ஃப்பஸ் அதைத் தானே வரைகிறது. கொம்போ காலோ மெய் எதுவும் இல்லாமல் அநாதையாக நின்றால், இது எதன் மேலும் ஒட்டவில்லை என்று காட்டத்தான் அந்த வட்டம். ஆகவே வட்டம் தெரிந்தால் ஃபான்ட்டைத் திட்ட வேண்டாம், அது உங்களிடம் உண்மையைச் சொல்கிறது. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டியது என்று நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. தமிழ் பிடிஎஃப்கள் பலவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். யூனிகோட் முறையில் 'கெ' என்றால் முதலில் க, பிறகு கொம்பு. பிடிஎஃப் தருவது முதலில் கொம்பு, பிறகு க. 'கொ'வோ இன்னும் மோசம், கொம்பு, க, கால் என்று மூன்றாக வரும்.

நான் ஒரு சிற்றிதழுக்குப் படி திருத்துகிறேன், இப்படி வந்து சேரும் கட்டுரைகள் ஏராளம். முதலில் செய்வது 'ஆட்டோ-கம்போசிஷன்-மோட்' என்பதை அணைப்பது. அணைத்தவுடன் ஈமாக்ஸ் எழுத்துகளைச் சேர்த்துக் கட்டுவதை நிறுத்திவிடும், ஒவ்வொரு குறியும் தனித்தனியாக, எந்த வரிசையில் கோப்பில் இருக்கிறதோ அந்த வரிசையில் தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எது எங்கே இடம் மாறிக் கிடக்கிறது என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

திருத்துவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போடலாம், 'கொம்புக்குப் பின் மெய் வந்தால் இரண்டையும் இடம் மாற்று' என்று. ஆனால் கவனம். ஒழுங்காக எழுதிய 'கெட' என்ற சொல்லிலும் க, கொம்பு, ட என்றுதான் இருக்கிறது, அங்கேயும் கொம்புக்குப் பின் ட வருகிறது. கட்டளை அதையும் பிடித்துச் சிதைத்துவிடும். சொல்லின் தொடக்கத்தில் கொம்பு நின்றால் சந்தேகமே இல்லை, சொல்லின் நடுவே நின்றால் வரிசை சரியா தவறா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரு கோப்பு முழுக்கப் பிடிஎஃப்பிலிருந்து வந்ததா, பாதி வந்து மீதியை ஆசிரியர் கையால் அடித்தாரா என்று முதலில் பாருங்கள். முழுக்க என்றால் முழுவதும் ஓட்டலாம். பாதி என்றால் அந்தப் பத்தியை மட்டும் குறித்துக்கொண்டு ஓட்டுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

தேடினால் 'கொ' உள்ள சொல் சில இடத்தில் சிக்கவில்லை என்று கேட்டவருக்கு. 'ஒ' குறி 3018 என்ற ஒரே எண்ணாகவும் இருக்கலாம், 3014, 3006 என்று கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு. பகுதியைக் குறித்துக்கொண்டு 'யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜியன்' ஓட்டினால் எல்லாம் ஒற்றை எண்ணாகிவிடும்.

அதனாலும் தீராத ஒன்று ஔகாரம். 'கௌரி'யின் குறி 3020. பலர் கொம்பு போட்டுவிட்டு 'ள' என்ற எழுத்தையே, 2995-ஐயே, அடித்துவிடுகிறார்கள். அதைப் படித்தால் உண்மையில் 'கெளரி'. பல ஃபான்ட்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், கண்ணால் பிடிக்கவே முடியாது. நார்மலைஸ் செய்தாலும் மாறாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை 'ள' ஒரு முழு எழுத்து. கொம்பையும் 'ள'வையும் சேர்த்துத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி, ஏனென்றால் 'தெளிவு' போன்ற சொற்கள் நடுவே வரும், அவற்றைத் தொடக் கூடாது.

பிப்ரவரி 13

ஒருவருக்கு எல்லா எண்களும் அகல அகலமாக, நடுவில் பெரிய இடைவெளியோடு தெரிகிறதாம், இமோஜி ஃபான்ட் போட்ட நாளிலிருந்து. எதற்கு எந்த ஃபான்ட் என்று லினக்ஸில் தீர்மானிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் கோப்பில் மோனோஸ்பேஸுக்கு (சம அகல எழுத்துக்கு) முதலிடம் நோட்டோ கலர் இமோஜி என்று யாரோ சொன்ன வரியை ஒட்டியிருப்பீர்கள். இமோஜி ஃபான்ட்டுக்குள்ளும் 0 முதல் 9 வரை எண்கள் உண்டு, விசைப்பொத்தான் வடிவ எண் இமோஜிக்கு அவை தேவை, எண், 65039, பிறகு 8419 என்ற வரிசையில் அவை உருவாகின்றன. முதலிடம் கொடுத்தால் உங்கள் சாதாரண எண்களையும் அந்த ஃபான்ட்டே எடுத்துக்கொள்ளும். அந்த வரியை நீக்குங்கள், அல்லது உங்கள் வழக்கமான ஃபான்ட்டை முன்னால் வைத்து இமோஜியைப் பின்னால் தள்ளுங்கள். 'எஃப்சி-மேட்ச் மோனோஸ்பேஸ்' என்று டெர்மினலில் அடித்தால் யார் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும்.

ஈமாக்ஸுக்குள் மட்டும் சரிசெய்ய 'செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட்' போதும், இமோஜி வகைக்கு நோட்டோ கலர் இமோஜி, தமிழ் வகைக்கு உங்களுக்குப் பிடித்த தமிழ் ஃபான்ட். இயங்குதளம் முழுவதையும் தொடத் தேவையில்லை.

பிப்ரவரி 17

தமிழ் வரும் வரிகள் மட்டும் உயரமாகி, பக்கம் ஏறி இறங்குகிறது என்பது எனக்கும் உறுத்தியது. தமிழ் ஃபான்ட்டின் மேல் கீழ் அளவு உங்கள் ஆங்கில ஃபான்ட்டைவிடப் பெரியது. 'ஃபேஸ்-ஃபான்ட்-ரீஸ்கேல்-அலிஸ்ட்' என்ற மாறியில் அந்தத் தமிழ் ஃபான்ட்டுக்கு 0.9 என்றோ 0.85 என்றோ கொடுத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் 'ணை', 'னை' படிக்கக் கண் வலிக்கும். இமோஜி ஃபான்ட்டுக்கும் இதே வழி.

ஈமாக்ஸில் குறிப்பெடுக்கும் ஆர்க் மோடில் தமிழ் அட்டவணை கோணுவதற்கு ஃபான்ட் மாற்றிப் பயனில்லை. 'ண' அகலம், 'ர' ஒடுக்கம், இதை ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் படிக்கவும் நன்றாக இருக்காது. 'வேலைன்' என்ற பொதி பிக்ஸல் கணக்கில் நெடுவரிசைகளைச் சமப்படுத்துகிறது, நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18

விம் என்ற வேறொரு எடிட்டரைப் பயன்படுத்தும் நண்பர், டெர்மினலில் தமிழ் அடித்தால் கர்சர் ஒரு இடம், எழுத்து ஒரு இடம் என்கிறார். டெர்மினலுக்குள் ஓடும் எந்த எடிட்டருக்கும் ஃபான்ட்டில் அதிகாரம் இல்லை, ஈமாக்ஸானாலும் விம்மானாலும். எடிட்டர் எண்களை அனுப்புகிறது, வரைவது டெர்மினல். ஒரு எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதில் இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும், எடிட்டர் ஒன்று என்று நினைத்து டெர்மினல் இரண்டு கொடுத்தால் அங்கிருந்து வரி முழுக்கத் தள்ளிப்போகும். விம்மில் இமோஜிக்கு 'இமோஜி' என்றே ஒரு அமைப்பு இருக்கிறது, இயல்பில் இரண்டு கட்டம் என்று கொள்ளும், உங்கள் டெர்மினல் ஒன்று கொடுக்கிறது என்றால் அதை அணைத்துப் பாருங்கள். தமிழுக்கு எம்எல்டெர்ம் முயன்று பாருங்கள், இந்திய எழுத்துகளைக் கட்டத் தெரிந்த டெர்மினல் அது. இல்லையென்றால் தனிச் சன்னலில் ஓடும் விம்மான ஜிவிம். நீளமான தமிழ்க் கட்டுரையை டெர்மினலில் திருத்துவது தேவையில்லாத வேதனை என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 24

இரண்டு கேள்விகள் வந்தன, இரண்டும் இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் சொல்லிவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய கோப்பு, தமிழ் என்று சொல்கிறார்கள், திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கிடக்கிறது. பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததாக இருக்கும். அந்தக் கோப்பில் இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகளின் எண்கள், ஃபான்ட் தமிழ் வடிவத்தை அவற்றின் மேல் போர்த்தியது. ஈமாக்ஸில் பாமினியைத் தேடிப் போட வேண்டாம், என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் கொடுத்து யூனிகோடாக மாற்றிவிட்டுத் திறவுங்கள். மாற்றிய பிறகு மேலே சொன்ன ஔகாரச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள்.

இன்னொருவர் தாத்தா காலத்து நிலப் பத்திரத்தைத் தட்டச்சு செய்கிறார், முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் எல்லாம் பெட்டி. அவை வழக்கமான தமிழ் வரிசையான 2944 முதல் 3071-க்குள் இல்லை. 2019-இல் யூனிகோட் 12-இல் தனி வரிசையாகச் சேர்ந்தவை, 73664 முதல் 73727 வரை. நோட்டோ சான்ஸ் தமிழ் போதாது, நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று தனி ஃபான்ட் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு 'செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட்'டில் இந்த எண் எல்லையை நேராகக் கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஃபான்ட் போடுவதுதான் சரியான மருந்து. அந்தப் பத்திரத்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள், அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மார்ச் 2

முதலில் கேட்டவர், எல்லாம் சரியானது, ஆனால் ஈமாக்ஸ் கிளையன்ட் வழியாகத் திறந்தால் மட்டும் அமைப்புகள் வேலை செய்யவில்லை என்கிறார். அமைப்புக் கோப்பை அனுப்பியிருந்தார், ஃபான்ட் வரிகளையெல்லாம் 'டிஸ்ப்ளே-கிராஃபிக்-பி' என்ற நிபந்தனைக்குள் வைத்திருக்கிறார். கிளையன்ட்டுக்காகப் பின்னணியில் ஓடும் ஈமாக்ஸ், அதாவது டீமன், தொடங்கும்போது சன்னல் எதுவும் கிடையாது, நிபந்தனை பொய்யாகிவிடும், அந்த வரிகள் ஓடவே ஓடாது. அவற்றை ஒரு ஃபங்ஷனாக்கி 'சர்வர்-ஆஃப்டர்-மேக்-ஃப்ரேம்-ஹுக்'கில் மாட்டுங்கள், முதல் சன்னல் திறந்த பிறகு ஓடும்.

அப்புறம், நிறைய ஃபான்ட் உள்ள கோப்பில் உருட்டும்போது திக்கினால் 'இன்ஹிபிட்-காம்பாக்டிங்-ஃபான்ட்-கேஷஸ்' என்பதை 'டி' (ஆம் என்று பொருள்) ஆக்குங்கள். நினைவகம் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், உங்கள் கணினிக்கு அது தாங்கும்.